தூக்குமரக் காட்சிக்கு ஏழு குரல்

சத்தத்தைக் குறைக்கச் சொல்லாதீங்க தம்பி, ஒரு நிமிஷம். பஸ் டிவியில பாருங்க, கறுப்புக் கோட்டு போட்ட கிழவர் குதிரை வண்டியிலிருந்து இறங்கறாரு. அவர்தான் நீதிபதி. இப்போ பேசுவாரு, கேளுங்க. "எந்த மனுஷனையும் விசாரிக்காம தண்டிக்கறதுக்கு இந்த ஊருக்கு உரிமை கிடையாது." கேட்டீங்களா? இப்போ நான் சொல்றேன், கேளுங்க. எந்த மனுஷனையும் விசாரிக்காம... பாத்தீங்களா, சிரிக்கறீங்க. அதே குரல்தான். அந்த வெள்ளைக்காரக் கிழவர் வாய்க்குள்ள இருக்கறது நான். பேரு முனிரத்தினம், சொந்த ஊரு குடியாத்தம். மெட்ராஸுக்கு நடிக்கத்தான் வந்தேன். முகம் வேண்டாம்னுட்டாங்க, தொண்டையை மட்டும் வெச்சுக்கிட்டாங்க.

இந்தப் படத்துல எனக்கு இந்த மூணு வரிதான். மத்தபடி நான் குரூப் வாய்ஸ். அப்படின்னா என்னன்னு கேக்கறீங்களா? கௌபாய் படத்துல ஹீரோவுக்கும் வில்லனுக்கும் தனித்தனியா ஆள் வந்து தமிழ் பேசிட்டுப் போயிடுவாங்க. மிச்சம் இருக்கற ஊரு இருக்கு இல்ல, அந்த ஊருதான் நாங்க. சாராயக் கடையில சிரிக்கறது நாங்க, பேங்க்ல கொள்ளை போனா அலறறது நாங்க. ஒரே மைக்கைச் சுத்தி ஏழு பேர் நிப்போம். ஃபேன் சத்தம் மைக்ல விழும்னு அதையும் நிறுத்திடுவாங்க. வேர்த்துக் கொட்டக் கொட்டக் கத்துவோம். பிடி, விடாதே, தூக்குல போடு. எத்தனை பேரைத் தூக்குல போடச் சொல்லியிருக்கேன்னு எனக்கே தெரியாது. ஒருத்தன் மேலயும் எனக்குக் கோபம் கிடையாது. அது வேலை.

அந்த ஊர்கள்ல நீதி எப்படின்னா, நீதிபதி எங்கயோ தூரத்துல இருப்பாரு. எப்பவோ ஒரு தடவை வண்டி கட்டிக்கிட்டு வருவாரு. அதுவரைக்கும் யாரு காத்திருக்கறது? ஒருத்தன் சந்தேகப்படுவான், இன்னொருத்தன் கயிறு கொண்டு வருவான். முடிஞ்சுது. இந்தப் படமும் அதேதான். ஒரு பண்ணை எரிஞ்சு போயிடும், உள்ள இருந்த ஆளு செத்துடுவான். ஊருக்குப் புதுசா வந்த ஒருத்தனைப் பிடிச்சு, நீதான்டா கொளுத்தினன்னு மரத்துல தொங்க விட்டுடுவாங்க. நீங்க பண்ருட்டியில ஏறி உக்காந்து தூங்கிட்டீங்களே, அப்பவே தொங்க விட்டாச்சு. அப்புறம் நீதிபதி வந்து, இவன் அன்னைக்கு வேற ஊர்ல இருந்தான்னு சாட்சியோட சொல்லுவாரு. அதைக் கேட்டுட்டு செத்தவனோட தம்பி கிளம்புவான். யாரு யாரு கத்தினாங்களோ ஒவ்வொருத்தனா தேடிப் பிடிச்சுச் சுடுவான். கடைசியா யாரைச் சுடுவான் தெரியுமா? எல்லாருக்கும் முன்னாடி வாயைத் திறந்தவனை.

தப்பான ஆளைத் தொங்க விட்டுட்டோம்னு தெரிஞ்சதும் ஊரே தொப்பியைக் கழட்டிக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு நிக்குமாம். பெரிய சீனாம், ரொம்ப நேரம் வருமாம். நான் பார்த்ததே இல்ல. அங்க யாரும் பேச மாட்டாங்க. பேச்சு இல்லைன்னா எங்களுக்கு வேலை இல்லை. நாங்க டீ குடிக்கப் போயிடுவோம். எத்தனை படத்துல இந்த மாதிரி வந்தாலும் அந்த இடத்துல நாங்க டீக்கடையில இருப்போம். சற்குணம் மட்டும் உள்ளயே நின்னு பார்ப்பான்.

அவனைப் பத்திச் சொல்லத்தான் இவ்வளவும். சற்குணம்னு ஒருத்தன். இந்தப் பண்ருட்டிப் பக்கம்தான். எங்க ஏழு பேர்ல ஒருத்தன், என்னை விட வயசுல சின்னவன். அவன் வேலை சாகறது. குதிரையிலிருந்து விழுந்து சாகறது, தண்ணியில சாகறது, குண்டு பட்டு படியில உருண்டு சாகறது, எல்லாத்துக்கும் தனித்தனியா ஒரு சத்தம் வெச்சிருந்தான். சவுண்ட் இன்ஜினியர் ஜோஸ்வா அவன் செத்தா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை தட்டுவாரு. எனக்குப் பொறாமை கிடையாது தம்பி. சாகறதுல என்ன பொறாமை?

இப்போ ஒரு விஷயம் சொல்றேன், வெளியில யாருக்கும் தெரியாது. கூட்டம் கத்தற சீன்ல எங்களுக்கு வசனம் எழுதித் தர மாட்டாங்க. தூக்குல போடுன்னு நாலு தடவை கேட்டா போதும், மிச்சம் எல்லாம் இரைச்சல்தான். அதனால வாய்க்கு வந்ததைக் கத்துவோம். பத்மாவதி அக்கா இருக்காங்களே, அவங்க மாமியாரைத் திட்டுவாங்க. ஒருத்தர் பஸ் ரூட்டைச் சொல்லுவாரு, வடபழனி, கோயம்பேடு, அம்பத்தூர்னு. நான் நேத்து குழம்புல உப்பு இல்லைன்னு கத்துவேன். ஏழு பேரும் ஒண்ணா கத்தினா யாரு என்ன சொன்னாங்கன்னு கடவுளுக்குக் கூடப் புரியாது. டிவியில பார்க்கறவங்க, ஆஹா என்ன ஆவேசம்னு நினைச்சுக்குவாங்க. அங்க வெந்துக்கிட்டு இருக்கறது எங்க வீட்டுக் கதை.

அப்புறம் பரசுராமனைத் திட்டறது. அது எல்லாரும் பண்ணுவோம். எல்லாரும்னா எல்லாரும், நல்லா கேட்டுக்கோங்க. பரசுராமன்தான் எங்களுக்கு டப்பிங் இன்சார்ஜ். யாருக்கு எந்தக் குரல்னு பிரிச்சுக் கொடுக்கறது அவர். யாருக்கு நாளைக்கு வேலைன்னு போன் பண்றதும் அவர். பகல் சோத்துக்கு விடாம நிக்க வெச்சே கொல்லுவாரு. நேர்ல பார்த்தா சார், சார்னு குழைவோம். கூட்டத்தோட கத்தும்போது அவர் பேரைச் சொல்லி நாசமாப் போங்கறதுதான் எங்களுக்கு இருந்த ஒரே சந்தோஷம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, சூப்பர், இன்னும் கோபமா கத்துங்கன்னு கையைக் காட்டுவாரு.

இந்தப் படம் வந்தப்போ நீதிபதி வேஷம் எனக்குத்தான்னு சொல்லியிருந்தாரு. மூணு வரி. தனியா மைக் முன்னாடி நின்னு, என் குரல் மட்டும் கேக்கற மூணு வரி. எத்தனை வருஷம் கூட்டத்தோட கத்தியிருப்பேன் சொல்லுங்க. வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பேசிப் பார்த்தேன். எம் பொண்டாட்டி கூட, நீங்க பேசறப்போ நெஜமாவே ஜட்ஜ் மாதிரி இருக்குன்னா. காலையில போனா, மூணு வரியையும் சற்குணம் பேசி முடிச்சுட்டு வெளிய வரான். என்ன சார்னேன். அவன் குரல்ல ஒரு நிதானம் இருக்கு முனிரத்தினம், நீங்க கூட்டத்துக்குப் போங்கன்னாரு பரசுராமன். எனக்கு வயிறு எரிஞ்சுது. அதை நான் மறைக்கல. யாரா இருந்தாலும் எரியும்.

அதே நாள் அந்தத் தூக்குமரக் காட்சி. ஏழு பேரும் நின்னோம். சற்குணத்துக்கு மெல்லிய குரல், அதனால எப்பவும் மைக்குக்குப் பக்கத்துல நிப்பான். எனக்குக் கனத்த குரல், நான் பின்னாடி. கத்தினோம். எல்லாரும் என்னென்னமோ கத்தினாங்க. அன்னைக்குப் பசி வேற. முடிஞ்சுது, வந்துட்டோம்.

படம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவியில போட்டாங்க. அந்த ஆளோட கழுத்துல கயித்தை மாட்டறாங்க. தூரத்துல ஒரு குதிரை வர்ற மாதிரி காட்டறதுக்காக இங்கிலீஷ்காரன் அந்த இடத்துல ஒரு விநாடி மியூசிக்கைக் குறைச்சிருக்கான். கூட்டத்து சத்தமும் அடங்குது. அந்த ஒரு விநாடியில, ஒரே ஒரு குரல், மணி அடிச்ச மாதிரி, "பரசுராமா, நீ வெளங்கவே மாட்டடா!"

சிரிங்க, சிரிங்க. எல்லாரும் சிரிச்சாங்க. கௌபாய் ஊர்ல ஏது பரசுராமன்? அதை வெட்டி எடுத்து ஊர்ல இருக்கற அத்தனை போன்லயும் அனுப்பிட்டாங்க. பரசுராமன் பையன் காலேஜுக்குப் போனா, வெளங்கவே மாட்டடான்னு பின்னாடியிலிருந்து கத்தறாங்களாம். டிவிக்காரங்க கொதிச்சுப் போயிட்டாங்க. எங்களை எல்லாம் ஸ்டுடியோவுல வரிசையா நிக்க வெச்சுட்டாரு மனுஷன். மூஞ்சி செவந்து கெடக்கு. யார்னு சொல்லுங்க, அந்த ஒரு ஆளை மட்டும் அனுப்பிடறேன், சொல்லலைன்னா ஏழு பேருக்கும் நாளையிலிருந்து எந்த ஸ்டுடியோவுலயும் வேலை கிடையாது, நான் பார்த்துக்கறேன்னாரு. சொல்லிட்டு வெளிய போயி சிகரெட்டைப் பத்த வெச்சுட்டாரு.

குரலை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாதான்னு கேப்பீங்க. முடியாது தம்பி. கூட்டத்துக்குக் கத்தும்போது சொந்தக் குரல்ல யாரும் கத்த மாட்டோம். படத்துக்குப் படம் அதே தொண்டை தெரிஞ்சுடும்னு ஆளுக்கு ஒரு கள்ளக் குரல் போடுவோம். ஜோஸ்வாவைக் கேட்டோம். ஏழு பேரும் ஒரே மைக், பிரிச்செடுக்க முடியாதுன்னு கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே சொல்லிட்டாரு.

அப்போ நான் யார் பேரையும் சொல்லல. இதை நீங்க நம்பணும். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். அன்னைக்கு மைக்குக்குக் கிட்ட நின்னது யாருன்னேன். அவ்வளவுதான். கேக்கறது தப்பா? கிட்ட நிக்கறவன் குரல்தான் தெளிவா விழும், அது நியாயமான கேள்விதானே? எல்லாரும் திரும்பி சற்குணத்தைப் பார்த்தாங்க. பத்மாவதி அக்காதான் முதல்ல, ஆமா, சற்குணம்தான் கிட்ட நின்னாருன்னாங்க. இன்னொருத்தர், அவன் என்னைக்குமே சரியா கத்த மாட்டான், மனசுக்குள்ளயே வெச்சிருப்பான்னாரு. அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. எங்க வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா, உன்னால ஏழு குடும்பம் தெருவுல நிக்கணுமா, ஒத்துக்கிட்டுப் போயேன். நானும் ஏதோ சொல்லியிருப்பேன். கூட்டத்துல எல்லாரும் பேசும்போது நாமளும் பேசத்தானே செய்வோம்?

அவன் இல்லைன்னு சொல்லல. அதான் விசேஷம். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கதையே வேற. சுத்தி நின்ன எங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்தான். கடைசியா என்னைப் பார்த்தான். அந்த வார்த்தையைச் சொன்னவங்களே சொல்லட்டும்னான். திமிரைப் பாருங்கன்னு எல்லாரும் எகிறினாங்க. பரசுராமன் உள்ள வந்தாரு, எல்லார் கையும் ஒரு பக்கமா நீண்டிருந்துச்சு. முடிஞ்சுது.

அப்புறம் அந்த சீனைச் சுத்தமாத் துடைச்சு வேற சத்தம் போட்டாங்க. அதோட நீதிபதி குரலையும் மாத்தணும்னாரு பரசுராமன், அவன் குரல் படத்துல எங்கயும் இருக்கக் கூடாதாம். என்னைக் கூப்பிட்டாங்க. விசாரிக்காம தண்டிக்க உரிமை கிடையாதுன்னு நான் ஒரே டேக்ல பேசினேன். ஜோஸ்வா கை தட்டல. அதுக்காகத்தான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்னு யாராவது சொன்னா அவங்க நாக்கு அழுகிடும்.

சற்குணம் சாலிகிராமத்துல ஸ்டுடியோ ஸ்டுடியோவா கொஞ்ச நாள் அலைஞ்சான். எங்க போனாலும், ஓ, அந்தப் பரசுராமன் கேஸான்னு சிரிச்சுட்டு அனுப்பிடுவாங்க. பொண்ணு படிச்சுக்கிட்டு இருந்தா. நடு வருஷத்துல பள்ளிக்கூடத்தை விட்டுக் கூட்டிக்கிட்டு ஊருக்கே போயிட்டான்.

அன்னையிலிருந்து எனக்கு நிம்மதி போச்சு. இந்தப் படங்களைக் கத்திக் கத்தி ஒண்ணு மனசுல பதிஞ்சு போச்சு. துரத்தப்பட்டவன் திரும்பி வருவான். எந்தப் படமா இருந்தாலும் வருவான். மழை பெய்யும், கதவு திறக்கும், நிப்பான். நான் டீக்கடையில முதுகைச் சுவருக்குக் கொடுத்துத்தான் உக்காருவேன், தெரு முழுக்கத் தெரியற மாதிரி. வாசல்ல டிவிஎஸ் வண்டி சத்தம் கேட்டா எழுந்து பார்ப்பேன். எம் பொண்டாட்டி, யாருக்குங்க பயப்படறீங்கன்னு கேட்டா. யாருக்கும் இல்லைன்னேன். வீட்டைக் கூட போரூர் பக்கம் மாத்திட்டோம்.

அவன் வரவே இல்ல தம்பி. ஒரு போன் கிடையாது, ஒரு வசவு கிடையாது. வருஷக்கணக்கா ஒரு மனுஷன் அடி வாங்கக் காத்துக்கிட்டு இருக்கான், அடிக்க வேண்டியவன் வரலைன்னா அது என்ன நியாயம்? வந்து ஒரு அறை விட்டிருந்தா எனக்கும் தீர்ந்திருக்கும், அவனுக்கும் தீர்ந்திருக்கும். அதைக் கூடச் செய்யாம என்னைக் காக்க வெச்சான். எனக்கு அவன் மேல இருக்கற கோபமே அதுதான்.

இதுக்கு நடுவுல எங்க பொழைப்பும் போச்சு. நாங்க கத்தினதை எல்லாம் ஜோஸ்வா கம்ப்யூட்டர்ல சேர்த்து வெச்சிருந்தாரு. இப்போ எந்தப் படத்துல கூட்டம் வந்தாலும் அதையே எடுத்துப் போட்டுக்கறாங்க. ஆளு எதுக்கு? என் தொண்டை இன்னும் யார் யாரையோ தூக்குல போடச் சொல்லிக்கிட்டு இருக்கு, நான் வீட்டுல சும்மா உக்காந்திருக்கேன். சும்மா உக்காந்தா நினைப்பு ஓடும் இல்ல. இன்னைக்குக் காலையில எழுந்ததும் சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிட்டேன். அவன் வரலைன்னா நான் போறேன். அடிச்சா வாங்கிக்கறேன், கணக்கு தீரட்டும்னு.

பண்ருட்டியில இறங்கிப் பழ மண்டியில விசாரிச்சேன். பலாப்பழத்தை லாரியிலிருந்து இறக்கற இடத்துல நின்னுக்கிட்டு இருந்தான். தலை முழுக்க நரைச்சுப் போச்சு. ஏலம் கூப்பிடச் சொல்லி முதலாளி எத்தனையோ தடவை கேட்டாராம், சத்தம் போடற வேலை வேண்டாம்னுட்டானாம், இதை அங்க இருந்த ஒருத்தர் சொன்னாரு. என்னைப் பார்த்ததும் கையைத் தொடைச்சுக்கிட்டு வந்தான். நான் கொஞ்சம் பின்னாடி நகர்ந்து நின்னேன். வாங்க அண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க, வீட்டுல சாப்பிடலாம்னான். வண்டியில பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிக்கிட்டுப் போனான்.

அவன் பொண்டாட்டி பேரு செந்தாமரை. வாசல்லயே, வாங்கண்ணா, வாங்கண்ணான்னு ஓடி வந்துச்சு. எனக்குச் சேர் போட்டுச்சு. அவனைப் பார்த்து, எதுக்கு மசமசன்னு நிக்கறீங்க, அண்ணனுக்குத் தண்ணி கொண்டு வாங்கன்னு ஒரு அதட்டல். அவன் உள்ள போனதும் எங்கிட்ட, பாருங்கண்ணா, எப்படி இருந்த மனுஷன், வாயால கெட்டுப் போயிட்டாரு, பொண்ணு படிப்பும் போச்சு, அவ இன்னும் அப்பாகிட்ட முகம் கொடுத்துப் பேசறதில்லை, கட்டிக் கொடுத்த இடத்துலயும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கறாங்க, நீங்களாவது அன்னைக்கு அவருக்கு ஒரு புத்தி சொல்லியிருக்கக் கூடாதான்னு கேட்டுச்சு. தலையை ஆட்டினேன்.

அவன் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கிட்டுப் போனான். கிணத்தடி. ஆள் இல்லாத இடம். சரி, இங்கதான்னு நினைச்சேன். கண்ணாடியைக் கழட்டிச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன், உடைஞ்சா வேற வாங்கணும். சற்குணம், மனசுல எதாவது இருந்தா இப்பவே தீர்த்துக்கோன்னேன். அவன் என்னை ஒரு மாதிரியாப் பார்த்தான். அடிக்கணுமா உங்களைன்னான். அடியேன்னேன். எதுக்கு அண்ணே, அடிச்சா உங்களுக்குச் சௌகரியமாப் போயிடும்னான்.

அப்புறம் சொன்னான். "அது உங்க குரல்னு எனக்கு அன்னைக்கே தெரியும். எத்தனை வருஷம் உங்க பக்கத்துல நின்னு கத்தியிருக்கேன், தெரியாதா? நீங்களே சொல்லிடுவீங்கன்னு பார்த்தேன். அதான் இல்லைன்னு கூடச் சொல்லல. என்னைக்காவது வருவீங்கன்னு தெரியும். எனக்குப் பரசுராமன் வேண்டாம், ஸ்டுடியோ வேண்டாம். உள்ள போய் அவகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நான்தான்னு கூட நீங்க சொல்ல வேண்டாம் அண்ணே. அது சற்குணம் இல்லைன்னு சொன்னா போதும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. அந்த ஏழு பேர்ல ஒருத்தர் சொன்னா நம்புவா. அவ நம்பினா பொண்ணுகிட்ட அவளே சொல்லிடுவா."

என் குரலாம். ஒரு விநாடி கேட்டதை வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்ல முடியும்? இருந்தாலும் நான் சண்டைக்குப் போகல. சரிப்பான்னேன். அவன் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நான் இருந்தா உங்களுக்குச் சங்கடமா இருக்கும், தயிர் வாங்கிட்டு வரேன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

சொல்லணும்னுதான் உள்ள போனேன் தம்பி. சத்தியமா. செந்தாமரை இலை போட்டு, சாம்பார், வாழைக்காய் வறுவல், பாயாசம்னு வெச்சுட்டு எதிர்ல உக்காந்துச்சு. தங்கச்சி, அன்னைக்கு ஸ்டுடியோவுலன்னு ஆரம்பிச்சேன். வீட்டுல வேற சத்தமே இல்ல, என் குரல் மட்டும் கேக்குது, எனக்கே யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு எல்லாருமேதான் கத்தினோம், அதுல யாரு எவருன்னு எப்படிச் சொல்றதுன்னு வாயில வந்துச்சு. அது பட்டுன்னு கையை நீட்டித் தடுத்துடுச்சு. "வேண்டாம்ணா. அவரைக் காப்பாத்தறதுக்காக நீங்க பழியைப் பங்கு போட்டுக்காதீங்க. உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். செஞ்சது அவரு. எனக்குப் பழகிடுச்சு. சாப்பிடுங்க."

இன்னும் கொஞ்சம் பாயாசம் ஊத்துச்சு. நான் சாப்பிட்டேன். அவங்களே பேச விடலைன்னா நான் என்ன பண்றது? குறுக்க விழுந்து கத்தவா முடியும்? கிளம்பும்போது பலாச்சுளையை எடுத்து டப்பாவுல அடைச்சு, அண்ணிக்குக் கொடுங்கன்னு பையில போட்டுக் கொடுத்துச்சு. கால்ல விழுந்து கும்பிட்டுச்சு. உங்களை மாதிரி ஒருத்தர் தேடி வந்ததே எங்களுக்குப் பெருமைண்ணான்னுச்சு.

பஸ் ஸ்டாண்டுக்கு அவனேதான் கொண்டு வந்து விட்டான். வழியெல்லாம் ஒண்ணும் கேக்கல. இந்த பஸ் நின்னுக்கிட்டு இருந்துச்சு. பையை அவனே மேல ஏத்தி வெச்சான். கீழ இறங்கி, ஜன்னல் கிட்ட வந்து நின்னான். நீங்க அப்போதான் முன் சீட்டிலிருந்து மாறி இங்க வந்து உக்காந்தீங்க, பார்த்திருப்பீங்க, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு ஒல்லியா ஒருத்தன். டிரைவர் வண்டியை எடுத்துட்டாரு. கூடவே நடந்து வந்துக்கிட்டே கேட்டான், "சொல்லிட்டீங்களா அண்ணே?"

வண்டி நகருதே தம்பி. அந்த நேரத்துல நின்னு விளக்கிச் சொல்ல முடியுமா, அவங்க இப்படிச் சொன்னாங்க, நான் அப்படிச் சொன்னேன்னு? சொல்லிட்டேன்ப்பான்னேன்.

அவன் அப்படியே நின்னுட்டான். நெத்தியில கையை வெச்சுக்கிட்டு, ரோட்டுலயே நின்னு கும்பிட்டான். மண்டியில ஒரு சின்ன வேலை இருக்கு, முடிச்சுட்டு வீட்டுக்குப் போறேன்னு முன்னாடியே சொல்லியிருந்தான். அது என்ன, கால் மணி நேர வேலைதான் இருக்கும். பொண்ணுக்கும் போன் போட்டுக் கூப்பிடுவானோ என்னமோ. இந்நேரம் வீட்டுக்குள்ள நுழைஞ்சிருப்பான்.